ஐஐடி இடங்கள் கூடுகின்றன, வாசல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பதி, பாலக்காடு, பிலாய், ஜம்மு, தார்வாட் ஐஐடிகளை விரிவாக்க 11,828.79 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் தந்தது. நான்கு ஆண்டுகளில் அங்கே மாணவர் எண்ணிக்கை 7,111-லிருந்து 13,687 ஆகும். பொள்ளாச்சிக்காரனான எனக்கு, பக்கத்துப் பாலக்காடும் அதில் இருப்பது பெரிய மகிழ்ச்சி.

ஆனால் கூடும் 6,576 பேரில் முதுநிலை, பிஎச்டி மாணவர்களும் அடக்கம். 23 ஐஐடிகளிலும் சேர்த்தே, இளநிலைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாகக் கிடைப்பவை சுமார் 18,000 இடங்கள்தான். அந்தத் தேர்வை எழுதுவோர் ஏறக்குறைய 1.8 லட்சம் பேர். அதனால் 'இனி எளிதாகக் கிடைத்துவிடும்' என்று யாரும் பிள்ளைகளுக்கு ஆசை காட்ட வேண்டாம்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. அட்வான்ஸ்டுக்கு முந்தைய படியான ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் வழியில் படித்து மெயினைத் தாண்டும் அரசுப் பள்ளி மாணவி, அடுத்த படியில் இயற்பியலோடும் மொழியோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சரி, ஐஐடியில் பாடம் ஆங்கிலத்தில்தானே என்பார்கள். உள்ளே வந்தபின் மொழியைக் கற்க அவகாசம் உண்டு, தேர்வு அறையில் ஏது?

சென்னை ஐஐடி நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடம், அப்புறம் ஒரு தகுதித் தேர்வு, அவ்வளவுதான். புதிய இடங்களில் ஒரு பங்குக்காவது இந்த முறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அட்வான்ஸ்டு வினாத்தாளைத் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் தருவதற்கு, புதிய கட்டடங்கள் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

- ஒரு வாசகர், பொள்ளாச்சி