விடுப்புக்கு நோயின் பெயர் எதற்கு?

ஆசிரியருக்கு,

அக்டோபர் 10 உலக மனநல நாளையொட்டி, பணியிட மன அழுத்தம் பற்றித் தாங்கள் வெளியிட்ட தலையங்கத்தைப் படித்தேன். நிறுவனங்கள் மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்கிறீர்கள். சரிதான். ஆனால், ஆலோசகரிடம் போய்வந்தது மேலாளரின் காதுக்கு எட்டிவிடுமோ என்ற பயம் இருக்கும்வரை அந்த அறைக்குள் யார் போவார்கள்? திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் விடுப்புக் கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்றுதான் எழுதுவார்கள். பதவி உயர்வு கைநழுவிப் போய்விடும் என்று அஞ்சி, சிகிச்சையையே பாதியில் விட்டவர்களும் உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றும் சொல்கிறது. என்னுடன் வேலை பார்த்த பெரும்பாலோருக்கு இது தெரியாது. மருத்துவச் சான்று இருந்தால் போதும், நோயின் பெயரைக் கேட்கக் கூடாது என்று தொழிலாளர் துறை எல்லா நிறுவனங்களுக்கும் அறிவுறுத்த வேண்டும். அப்புறம், தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையின் இலவச உதவி எண் 14416ஐ மாதச் சம்பளச் சீட்டிலேயே அச்சிட்டுத் தரலாம்.

- ஓய்வுபெற்ற பணியாளர் நல அலுவலர், திருப்பூர்