கல் தாத்தாவுக்கும் பாசி அக்காமாருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே, கடற்கரையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேருக்கு இந்த வருடம் முழுவதும் பவளப்பாறைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தோம். சொல்லிக்கொடுத்தோம் என்று பன்மையில் எழுதுவது சும்மா இல்லை. பாதிக்கு மேல் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல ஆசை. அது முடியாததால் இந்த மடல்.

ஜூலையில் தொடங்கியபோது ஆஸ்திரேலியப் பவளத்திட்டைப் பற்றிய ஒரு வீடியோவைத்தான் போட்டுக் காட்டினேன். கலர் கலராக இருந்தது. பிள்ளைகளும் பார்த்தார்கள். முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “இது நம்ம கடல்ல இல்லையே டீச்சர்” என்றான். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, அத்தனையும் 1986 முதல் தேசியப் பூங்கா. பள்ளி மாடியில் நின்றால் தெளிந்த நாளில் தீவு ஒன்று கோடு போலத் தெரியும். அவனுக்கு அது தெரியவில்லை என்றால் தவறு என்னுடையது. அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அதற்கு வழி காட்டியது ஒரு சுவர். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய வீட்டின் பின்சுவரில் காரை பெயர்ந்து உள்ளே கல் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள். பவளம்! இந்தக் கரையோரத்தில் செங்கல்லுக்குப் பதில் கடல் கல்லை வைத்து வீடு கட்டிய காலம் ஒன்று இருந்தது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்திலும் இதே கல்லைப் பார்க்கலாம். அந்த வீட்டு லாத்தாவிடம் (இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் 34 பிள்ளைகளையும் கொல்லைப்புறம் விட்டு, லென்ஸ் வைத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லி, போகும்போது ஆளுக்கொரு டம்ளர் நன்னாரி சர்பத்தும் கொடுத்தார். லாத்தா, எங்கள் பிள்ளைகள் பவளத்தை முதன்முதலில் பார்த்தது உங்கள் வீட்டில். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த அறை என்று சொன்னதும் அவர்கள் சுவரைத் தொட்டுக்கொண்டே நின்றதை நீங்களும் பார்த்தீர்கள்.

அங்கேதான் கணக்கும் போட்டோம். உருண்டையாக வளரும் பவளங்கள் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். சுவரில் ஒரு முழ உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அளந்து பார்த்து, “இது வளர 45 வருசம் ஆகியிருக்கும் டீச்சர், எங்க அம்மாவுக்கே 36தான்” என்றாள். புத்தகத்தில் நான் எத்தனை முறை படித்தும் எனக்கு வராத வரி அது.

இனி கல் தாத்தா. உங்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கோபிக்காதீர்கள். இளவயதில் கடப்பாரையும் வள்ளமுமாகப் போய்ப் பவளக் கல் பெயர்த்து சுண்ணாம்புச் சூளைகளுக்குக் கொடுத்தவர் நீங்கள். பள்ளிக்கு வந்து பேசச் சொன்னபோது மூன்று முறை மாட்டேன் என்றீர்கள். நான்காவது முறை நீங்களாகவே வெள்ளை வேட்டியில் வந்து நின்றீர்கள். “நான் உடைச்சேன்” என்றுதான் தொடங்கினீர்கள். வகுப்பறையில் ஒரு சத்தம் இல்லை. கல் எந்த ஆழத்தில் கிடைக்கும், எப்படிப் பெயர்ப்பது, ஒரு வள்ளத்துக்கு என்ன கூலி என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னீர்கள். பூவரசன்பட்டித் தீவில் இறங்கிச் சோறு பொங்கித் தின்ற கதையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தத் தீவு இன்று தண்ணீருக்கு அடியில். விலங்குச்சல்லித் தீவும் அப்படியே. 21 தீவுகளில் இரண்டு மூழ்கியதற்குப் பவளக் கல் எடுத்ததே பெரும் காரணம். அலையைத் தடுக்கும் சுவர் போனால் மண் எப்படி நிற்கும்?

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலுக்குள் வந்தன. அதற்குப் பிறகும் சில வருடங்கள் கல் எடுப்பது முழுசாக நிற்கவில்லை. ஏன் உடனே விடவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டாள். “வேற தொழில் தெரியாதும்மா” என்றீர்கள். தாத்தா, தான் செய்ததைப் பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொள்ளும் பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்களைக் குற்றம் சொல்ல அந்த வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மணி அடித்த பிறகும் உங்களைச் சுற்றியே நின்றார்கள்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் அம்மாவுக்கு நன்றி. படம் எதுவும் போடாமல் பிள்ளைகளையே நடிக்கவிட்டார். பவள உயிர்தான் வீட்டுக்காரர். அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி குடியிருப்பவர். வாடகையாக வெயிலில் சமைத்த சாப்பாட்டைக் கொடுப்பார். கடல் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் இருவருக்கும் ஒத்துப்போகாது, குடியிருப்பவர் வெளியேறிவிடுவார். நிறமும் போய்விடும், சாப்பாடும் போய்விடும். வெளுத்துப்போன பவளம் உடனே சாவதில்லை, பட்டினியில் கிடக்கிறது, சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் அப்படி வெளுத்ததையும் சொன்னார். அப்புறம் கிளிமீன் பாறையைக் கொறித்து மணலாகக் கழிக்கும் கதை. அதற்குச் சிரித்த சிரிப்பு தலைமை ஆசிரியர் அறை வரை கேட்டது.

கடலில் இறங்கிக் கடற்பாசி பறிக்கும் பாசி அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் எழுந்து, “அப்போ எங்கம்மா பாசி எடுக்கிறது தப்பா டீச்சர்?” என்று கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன். தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுப் பக்கம் போக முடியாமல் வருமானம் இழந்த வீடுகளின் பிள்ளைகள் இவர்கள். கடலைக் காப்பது என்றால் அம்மாவைக் கடலிலிருந்து விலக்குவது என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வீண்.

அடுத்த வாரமே நான்கு அக்காமார் வந்தீர்கள். விரலில் சுற்றும் துணி, கண்ணாடி, வலைப்பை எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினீர்கள். மாதத்தில் 12 நாட்கள்தான் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாட்கள் பாசிக்கும் ஓய்வு விடுவது என்று நீங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகளைச் சொன்னீர்கள். பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அக்கா இதற்காகவே 2015இல் அமெரிக்கா வரை போய், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது வாங்கியதைச் சொன்னதும், கேள்வி கேட்ட பெண் திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே உங்களுக்கு என் நன்றி.

மாசி மாதத்தில், கடல் அசையாமல் கிடந்த ஒரு காலையில், பிச்சைமூப்பன்வலசையிலிருந்து கண்ணாடி அடிப் படகில் போனோம். கட்டணத்தைப் பகிர்ந்துகொண்ட பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதவைச் சட்டையை இழுத்துப் பார்த்துக் கட்டிவிட்ட படகோட்டி அண்ணனுக்கும் நன்றி. கரையில் பொறுக்கிய பவளத் துண்டை ஒரு பையன் பைக்குள் போட்டிருந்தான். வனத்துறை அண்ணன் அதட்டவே இல்லை. செத்த பவளமும் சட்டத்துக்குள் வரும், அது மறுபடி மணலாகிக் கரைக்கே திரும்ப வேண்டும் என்று உட்கார்ந்து விளக்கினார். பையனே போய் வைத்துவிட்டு வந்தான். படகில், கண்ணாடிக்குக் கீழே முதல் பவளம் தெரிந்தபோது, ஜூலையில் அந்தக் கேள்வி கேட்ட ஆறாம் வகுப்புப் பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். “டீச்சர், லாத்தா வீட்டுச் சுவரு!”

மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்த சத்துணவு அம்மாவுக்கும், ஒரு நாள் முழுக்க என் வகுப்புகளையும் பார்த்துக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும், எல்லாக் கடிதத்திலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்ட தலைமை ஆசிரியருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு செய்தி. இந்தக் கோடையில் கடல் நீரின் வெப்பத்தை வாரம் இருமுறை குறித்து வைப்பதாகப் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும் என்பதால் வெப்பமானியையும் நோட்டையும் கல் தாத்தா வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறோம். செவ்வாயும் சனியும் காலை ஏழு மணி. பாசி அக்காமார் அந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்குவீர்கள். பிள்ளைகள் யாராவது மறந்திருந்தால் ஒரு குரல் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் அறிவியல் டீச்சர்