உயிரியலுக்கு இரட்டைப் பாடவேளை கொடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அமைச்சர், துறைச் செயலர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தின் அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வகுப்புகளுக்கும் வாரத்தில் ஒரு நாளாவது அறிவியலுக்கு இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து ஒதுக்கி ஆணையிடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் பார்த்ததையும் எண்ணியதையும் அளந்ததையும் எழுதி வைக்கும் குறிப்பேட்டுக்கு, வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் போடும் மதிப்பெண்) செயல்பாட்டு மதிப்பெண்ணைக் கொடுங்கள். இரண்டுக்குமே பெரிய செலவு கிடையாது.

துறை எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்களை அனுப்பியது. அவர்கள் வண்டி பள்ளி வாசலில் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிவருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டத்தின் அருமை தெரியும். மணற்கேணி செயலியின் காணொளிகளும் தரமானவை. ஆனால் உயிரியலுக்கு இவை போதவில்லை. அதற்குக் காரணம் பாடத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

காற்றழுத்தத்தையோ காந்தத்தையோ அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம். உயிர் அப்படி அவசரப்படாது. பயறு முளைவிட இரண்டு நாள் ஆகும். ரொட்டித் துண்டில் பூஞ்சை படர நான்கைந்து நாள். கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழு கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாக வெளிவர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்து செய்து காட்டிவிட்டுப் போகும் விருந்தாளியால் இதை நடத்த முடியாது. வகுப்பறையில் ஒரு மூலையும், தினமும் போய்ப் பார்க்கும் பழக்கமும், பார்த்ததைப் பேசுவதற்கு நேரமும் வேண்டும்.

வெங்காயத் தோல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதைப் படிக்காத பிள்ளை கிடையாது. செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? நாற்பது நிமிடப் பாடவேளையில் வருகைப் பதிவு போக முப்பத்தைந்து நிமிடம் மிஞ்சும். பள்ளிக்கு ஒரே நுண்ணோக்கி, வகுப்பில் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஆசிரியரே உரித்து, ஆசிரியரே அயோடின் விட்டு, ஆசிரியரே குவியம் சரிசெய்து வைக்க, பிள்ளைகள் வரிசையில் வந்து குனிந்து பார்த்துவிட்டு "தெரிந்தது டீச்சர்" என்று நகர்ந்துவிடுவார்கள்.

நேரம் கொடுத்தால் நடப்பது வேறு. பிள்ளையே வெங்காயச் செதிலின் உட்புறத் தோலை உரிக்கும்போது அது கிழியும், சுருண்டுகொள்ளும். தோலின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்காமல் அப்படியே போட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுவது கருப்பு விளிம்போடு தெரியும் அந்தக் காற்றுக்குமிழிதான். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முதல் தடவை அதையே செல் என்று வரைவார்கள். அதைத் திருத்தாமல், "பக்கத்து ஸ்லைடையும் பார்த்துவிட்டு வா" என்று அனுப்ப வேண்டும். அங்கே குமிழி வேறு இடத்தில், வேறு அளவில் இருக்கும். ஆனால் இரண்டு ஸ்லைடிலும் நீள நீளமான அறைகள் வரிசையாக இருக்கும். அயோடின் பட்ட இடத்தில் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். எது வெங்காயத்தைச் சேர்ந்தது, எது நம் கைத்தவறால் வந்தது என்று பிள்ளைகளே விவாதித்து முடிவுக்கு வருவார்கள். பாடநூல் படத்தில் காற்றுக்குமிழி இருக்காது. காணொளியிலும் இருக்காது. அதனால் அந்த விவாதமும் அங்கே நடக்காது. எனக்குத் தெரிந்த அறிவியல் கல்வியின் உயிர்நாடி அந்த விவாதம்தான்.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான ஒன்று கொசு. மழைக்காலத்தில் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டியையும் டயரையும் பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை நான்கு அம்புக்குறி போட்டு வரைந்துவிடும். வீட்டுச் சிமென்ட் தொட்டியில் நெளிவது அதே புழுதான் என்பது மட்டும் மனதில் பதிந்திருக்காது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அள்ளி ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். வாயை இரட்டை வலைத்துணியால் இறுகக் கட்டி வகுப்பறை ஜன்னலில் வையுங்கள். புழு தலைகீழாகத் தொங்கியபடி வால் பக்கக் குழாயை நீர்மட்டத்தில் வைத்து மூச்சுவிடும். மேலே கை நிழல் விழுந்தால் எல்லாம் துடித்துக்கொண்டு அடியில் இறங்கும். சிறிது நேரத்தில் மூச்சுக்காக மறுபடி மேலே வந்தாக வேண்டும். சில நாளில் அது காற்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழுவாகிவிடும். அப்போது சாப்பிடாது, ஆனால் நீந்தும். "இதுவரை வால் பக்கமாக மூச்சுவிட்டது, இப்போது தலைப் பக்கமாக விடுகிறது" என்று ஒரு ஏழாம் வகுப்புச் சிறுமி கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் சொன்னது சரி. கூட்டுப்புழுவுக்கு மூச்சுக்குழல்கள் முன்பக்கத்தில் இருக்கின்றன. அவள் பாடநூலில் அது இல்லை.

நம் வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். பாட்டிலுக்குள் பறக்கும் கொசுக்களை வலைத்துணியைப் பிரிக்காமல் வெயிலில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். அந்த முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்ட பிள்ளை வீட்டுக்குப் போய்த் தொட்டியைத் தேய்க்கச் சொல்லும். சுகாதாரத் துறை ஒட்டும் எந்தச் சுவரொட்டிக்கும் அந்த வலிமை வராது.

இனி மதிப்பெண். 2012-13-இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை வந்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்து, செயல்பாட்டுக்கென்று ஓர் இடத்தை உருவாக்கிய முறை அது. அந்த இடத்தைச் சார்ட் தாள் பிடித்துக்கொண்டது. இதயத்தின் படம், தாவரச் செல்லின் படம், தெர்மாகோலில் செய்த கண். பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ வரைந்தது, இல்லையென்றால் கடையில் ஒட்டுப்படம் வாங்கி ஒட்டியது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தச் சார்ட்டுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் ஆகும் காசு சின்னத் தொகை இல்லை. அதே மதிப்பெண்ணை ஒரு நாற்பது பக்க நோட்டுக்குக் கொடுங்கள். தேதி, பார்த்தது, அளந்தது, புரியாதது என்று பிள்ளையின் கையெழுத்தில் இருந்தால் போதும். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதை அந்தப் பிள்ளை பார்த்து வரைந்ததா என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிடம் பேசினால் எந்த ஆசிரியருக்கும் தெரிந்துவிடும்.

இதெல்லாம் கிராமத்து அரசுப் பள்ளியில் நடக்காது என்பவர்களுக்கு ஹோஷங்காபாத்தை நினைவூட்ட விரும்புகிறேன். மத்தியப் பிரதேசத்தில் இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த மாவட்டத்தில், 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. ஆறு முதல் எட்டு வரையிலான அதே வகுப்புகள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து சோதனை செய்து, அதிலிருந்து விடை எழுத வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளுக்குச் சோதனைப் பெட்டி போயிற்று. ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சியும் மாதாந்திரக் கூட்டமும் நடந்தன. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் தனியாக உண்டு. 1978-இல் அந்த மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. பிறகு ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்தது. 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதுவார்கள். 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் சாதாரண அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு நடந்த ஒன்றை நடக்காத காரியம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர்கள் தேர்வு முறையில் கை வைத்ததை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம்மிடம் அந்த இடம்தான் அசையாமல் இருக்கிறது.

நுண்ணோக்கி பற்றி ஒரு வார்த்தை. பல பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுகிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை; இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் இருக்கிறது. ஸ்லைடு, கவர் ஸ்லிப், சோதனைக் குழாய் ஆகியவற்றைத் தேய்மானப் பொருட்கள் என்று அறிவித்து, ஆண்டுக்கு இவ்வளவு உடையலாம் என்று சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். பீரோக்கள் திறக்கும்.

பாட வரிசையையும் மழையோடு பொருத்த வேண்டும். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பள்ளிக்கு வெளியே வாய்க்காலில் தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாக நீந்தும். தவளையைப் பற்றிய பாடம் கோடையில் வந்தால் யாருக்கு என்ன பயன்? எந்தப் பாடத்தை எந்த மாதம் நடத்துவது என்பதில் கொஞ்சம் சுதந்திரத்தை ஊராட்சி ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்கு விடுங்கள். நீலகிரியின் மழையும் ராமநாதபுரத்தின் மழையும் ஒன்றல்ல.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் ஆல்கஹாலை நேரடித் தீயில் வைக்கக் கூடாது. சுடுநீருக்குள் வைத்து ஆசிரியர்தான் அதைச் செய்ய வேண்டும். அரளியையும் ஊமத்தையையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். பூவின் பாகங்களுக்குச் செம்பருத்தி போதும், ஆண் பூ பெண் பூ வேறுபாட்டுக்குப் பூசணி இருக்கிறது. எந்த விலங்கையும் அறுக்க வேண்டியதில்லை. பிடித்த தலைப்பிரட்டையை அதே வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். இவ்வளவையும் இரண்டு பக்கக் கையேட்டில் அடக்கிவிடலாம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே கால அட்டவணை எழுதப்பட்டுவிடும். எனவே இரட்டைப் பாடவேளைக்கான சுற்றறிக்கை மே மாதத்துக்குள் வந்தாக வேண்டும். மதிப்பெண் மாற்றத்தை ஒரே ஆண்டில் மாநிலம் முழுவதும் செய்வது கடினம் என்றால், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தில் ஆறாம் வகுப்பில் மட்டும் தொடங்குங்கள். வானவில் மன்றக் கருத்தாளர்கள் அந்தப் பள்ளிகளுக்கு மாதம் ஒருமுறை வந்து, பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் படித்து, அவற்றில் எழுந்திருக்கும் கேள்விகளிலிருந்து அடுத்த சோதனையைத் தொடங்கட்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களை அழைத்தால் ஊதியம் இல்லாமலே வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்