மொட்டைத் தலையோடு உன்னை இழுத்து வந்த அக்கா எழுதுவது

தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 14.2. சர்க்கரை சரியாக இருக்கிறது. ரத்தம் உறையும் நேரமும் சரி. ஒரு வார்த்தைகூட எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். மறுபடி முடி நட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டாய் என்று அதிலேயே புரிந்தது. ஒரு வருஷத்தில் உன் நம்பரிலிருந்து வந்தது அது ஒன்றுதான் என்பதால் நாலு தடவை படித்தேன்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். போன வருஷம் முடி நட நீ போன அந்த இடத்தின் பெயரையோ, பத்து நாள் கழித்து நாம் பெண் பார்க்கப் போய் வந்த வீட்டையோ பற்றி எழுதப் போவதில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது அந்த சிலிண்டர்தான். உனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க உள்ளே வந்தேன். தலையை முழுசாக மழித்து, நெற்றியில் நீல மார்க்கரில் கோடு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பழனியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய நாலு வயசுப் பிள்ளை மாதிரியே இருந்தாய். ஒரு நொடி சிரிப்பு வந்தது. அப்புறம்தான் மூலையில் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தேன். மேலே தூசி. அதன் கழுத்தில், திறக்கும் சாவி இல்லை. பன்னிரண்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். சாவியை சிலிண்டர் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டி வைப்போம், அவசரத்தில் தேடக் கூடாது என்று. ட்ரேயில் லிக்னோகைன் என்ற மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்துக் குப்பி இரண்டு, சீல் உடைத்து இருந்தன. மயக்க மருந்து டாக்டர் யார் என்று கேட்டேன். "நாங்களே பார்த்துக்குவோம் மேடம்" என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர். உங்கள் பதிவு எண் என்ன என்று கேட்டேன். பதிலே இல்லை.

உனக்கு அப்போது 68 கிலோ. அட்ரினலின் கலந்த லிக்னோகைனுக்குக் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் எல்லை. உன் எடைக்கு 476 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்தில் 24 மில்லிகூட வராது. 30 மில்லி குப்பி ஒன்று முழுசாக உள்ளே போனாலே எல்லை தாண்டிவிடும். அளவு மீறினால் முதலில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், காதில் இரையும், பிறகு வலிப்பு வரும், இதயம் நிற்கும். அந்த நேரத்தில் யார் சாவியைத் தேடுவது? 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட பிறகு இறந்துபோனவர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையன். 'எல்லாரும்தானே போகிறார்கள்' என்று நீ சொன்னபோது எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வந்தான்.

ஆனால் அத்தனை பேர் முன்னால் உன் கையைப் பிடித்து இழுத்தது தப்பு. படியில் இறங்கும்போது கத்தியது அதைவிடத் தப்பு. கீழே நகைக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் உன் தலையையே பார்த்தார்கள். ஆட்டோவில் நீ கர்ச்சீப்பால் நெற்றிக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாய். அது போகவே இல்லை. உனக்கு முடி கொட்ட ஆரம்பித்தபோது முதலில் கிண்டல் செய்ததும் நான்தான். அதற்கு மன்னித்துவிடு.

இழுத்து வந்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அட்வான்ஸ் கட்டிய பிறகுதானேடா என்னிடம் சொன்னாய்? அம்மாவிடம் அது நேர்த்திக்கடன் மொட்டை என்று பொய் சொன்னது யார்? போன மாதம் வரைக்கும் அந்தப் பொய்யை நான்தான் சுமந்தேன். நீ தீபாவளிக்குக்கூட வீட்டுப் படி ஏறவில்லை.

சரி, விடு. இந்தத் தடவை டாக்டர் யார் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதிவு எண்ணை மட்டும் வாங்கி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார். பிளாஸ்டிக் சர்ஜரியோ தோல் மருத்துவமோ முறையாகப் படித்தவரா என்று பார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதெல்லாம் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது. தலையில் துளை போடுவது டாக்டரா, உதவியாளரா என்று நேராகக் கேள். கேட்டால் கோபப்படுகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடு. பணம் போனால் போகட்டும், நான் தருகிறேன்.

நீ சாப்பிடும் மாத்திரை, மீன் எண்ணெய் கேப்சூல், ஜிம்மில் கொடுத்த பவுடர் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். மொட்டை மாடிக்குப் போவதை இன்றைக்கே நிறுத்து. நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம். அந்தப் புகையால் ரத்தக்குழாய் சுருங்கினால் நட்ட முடிக்குச் சரியாக ரத்தம் போகாது. அம்மாவுக்குப் புரிந்தால் புரியட்டும்.

முடி நடும் அன்றைக்கு டி-ஷர்ட் போடாதே. கழற்றும்போது தலையில் உரசி, நட்டது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முன்னால் பட்டன் வைத்த சட்டைதான் வேண்டும். போன வருஷம் என் வீட்டில் கழற்றிப் போட்டுவிட்டுப் போன நீலக் கட்டம் போட்ட சட்டை இங்கேதான் இருக்கிறது. காலரில் ஒட்டியிருந்த முடியைத் தட்டி, துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். தேதியைச் சொல், எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ கூப்பிடும் வரைக்கும் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா