ஞாயிறு காலை சைக்கிள்: புதியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

15.3.2026 ஞாயிறு காலை 5.45க்கு நம் குடியிருப்பு கேட்டில் கூடுகிறோம். சரியாக 6க்குக் கிளம்பி, எலியட்ஸ் பீச் ஷ்மிட் நினைவுச் சின்னம் வரை போய்த் திரும்புவோம். இது ரேஸ் இல்லை. பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர்களும் தைரியமாக வரலாம்.

1. சனிக்கிழமையே காற்று அடித்துவிடுங்கள். எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்பது டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும்.

2. சீட் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது அதில் குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பலரும் சீட்டைத் தாழ்த்தி வைத்துவிட்டு முட்டி வலிக்கிறது என்கிறார்கள். போன மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான்!

3. ஹெல்மெட் கட்டாயம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, அவ்வளவுதான். பின்னந்தலையில் தொப்பி மாதிரி மாட்டாதீர்கள்.

4. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாகப் பிடியுங்கள். பீச் ரோட்டில் மணல் கிடக்கும். அதன்மேல் சட்டென்று பிடித்தால் சறுக்கும்.

5. நிற்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள்.

6. துப்பட்டா, தொளதொள பேன்ட் செயினில் மாட்டும். முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

7. இயர்போன் வேண்டாம். தண்ணீர் பாட்டில் அவசியம்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவு 9க்குள் பெயரும், சொந்த சைக்கிளா இரவலா என்பதும் போடுங்கள். வெறும் கட்டைவிரல் எமோஜி போதாது.