ஸ்டாக் இஞ்சின் பிரிவை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலந்தாவளம் தாண்டிக் கோவைப் பக்கம் கோ-கார்ட் என்னும் சின்னப் பந்தய வண்டி ஓட்டப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடையே இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, எதையும் மாற்றாத இஞ்சினில் ஓட்டும் ஸ்டாக் இஞ்சின் பிரிவை எடுத்துவிட்டு, புதிதாக வருகிறவர்களையும் 125 சிசி டூ ஸ்ட்ரோக் பிரிவிலேயே இறக்கிவிடப் போகிறார்களாம். அப்போதுதான் பந்தயம் விறுவிறுப்பாக இருக்குமாம். கூடவே கூடாது.

ஸ்டாக் பிரிவில் ஓடும் ஹோண்டா ஜிஎக்ஸ் 200 இஞ்சின் 196 சிசி, ஐந்தரை குதிரைத்திறன். பம்புசெட் ரிப்பேர் பார்க்கிற எவரும் இதைப் பிரித்துப் பூட்டிவிடுவார். டேப்பட், அதாவது வால்வு இடைவெளி இன்டேக்கில் 0.15, எக்ஸாஸ்டில் 0.20 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிடலாம். பந்தய டூ ஸ்ட்ரோக்கோ நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் அலறும். இத்தனை மணி நேரம் ஓடினால் பிஸ்டன் மாற்று, பேரிங் மாற்று என்று செலவு வந்துகொண்டே இருக்கும். தென்னையை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளை அதற்கு எங்கே போகும்?

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஓட்டப் பழகுவதற்கே சக்தி குறைந்த இஞ்சின்தான் நல்லது. வளைவில் இரண்டு சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கார்ட்டுக்குக் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இறுகியிருக்கும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் இழுபட்டு வேகம் செத்துவிடும். சக்தி கூடிய இஞ்சின் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து அந்தத் தப்பைச் சமாளித்துவிடலாம். ஐந்தரை குதிரையில் அது நடக்காது. வளைவில் விட்ட வேகம் நேர்ப்பாதை முழுக்கத் திரும்பி வராது. பக்கத்தில் ஓடுகிறவன் ஏன் முந்துகிறான் என்பது பையனுக்கே விளங்கிவிடும்.

ஸ்டாக் என்று பேர் வைத்துக்கொண்டு சக்தியைக் கூட்டத் திருட்டுத்தனமாகக் கேம்ஷாஃப்டை மாற்றுகிறார்கள், ஹெட்டைச் சீவுகிறார்கள் என்று ஒரு குறை சொல்கிறார்கள். உண்மைதான். அதற்காக எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? அமெரிக்காவில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் 206 இஞ்சின் தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வருகிறது. இங்கேயும் சீல் வைத்து, இஞ்சின்களைப் போட்டி நடத்துகிறவர்களே வைத்திருந்து, பந்தயத்தன்று காலையில் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாமே.

சாதாரண இஞ்சினில் பந்தயம் பழகுவது கோவைக்குப் புதுசும் இல்லை. கோவைக்காரர் எஸ். கரிவர்தன் மாருதி 800 கார் இஞ்சினைப் பூட்டி ஃபார்முலா மாருதி பந்தய வண்டியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓடியது அதில்தான். அவரே 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓடினார். செட்டிப்பாளையம் டிராக்குக்குக் கரிவர்தனின் பெயரை வைத்திருக்கிறோம். அவர் காட்டிய வழியை அந்த டிராக் இருக்கும் ஊரிலேயே மூடலாமா?

விதிமுறை எழுதுகிறவர்கள் ஸ்டாக் பிரிவு தொடரும், இஞ்சினையும் டயரையும் மூன்று வருடத்துக்கு மாற்ற மாட்டோம் என்று இப்போதே அறிவிக்க வேண்டும். பழைய கார்ட் ஒன்றுக்கு விலை பேசிவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று காத்திருக்கும் பெற்றோர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.