டப்ளினில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கேப் வெர்டே என்ற குட்டித் தீவு நாடு 2026 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தேர்வான செய்தியை அனுப்பினால், "அதிர்ஷ்டம்பா" என்று பதில் போடுகிறாய். போனில் விளக்கினால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

செனகலுக்கு மேற்கே கடலில் 10 தீவுகள், 5 லட்சத்துச் சொச்சம் மக்கள். பிழைப்புக்காக வெளியே போனவர்கள் அதைவிட அதிகம். 2013-லேயே இவர்கள் துனிசியாவை அதன் மண்ணில் 2-0 என வீழ்த்தி, 2014 உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்றை எட்டியிருந்தார்கள். ஆடத் தடையில் இருந்த வரேலா என்ற வீரரை இறக்கியதற்காக அந்த வெற்றியையே பறித்து, 3-0 என்று துனிசியாவுக்குக் கொடுத்துவிட்டது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா. அப்புறம் அந்தத் துனிசியாவைத் தோற்கடித்து உலகக் கோப்பைக்குப் போனது கேமரூன்.

இந்த முறை தகுதிச் சுற்றில் அதே கேமரூன் இவர்கள் பிரிவில். போன வருஷம் அங்கே போய் 4-1 என்று உதை வாங்கினார்கள். செப்டம்பரில் தலைநகர் பிரையாவில் 1-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். லிபியாவில் 3-1 என்று பின்தங்கியும் 3-3 ஆக்கினார்கள். திங்கட்கிழமை எஸ்வாத்தினியோடு ஆடியபோது இடைவேளை வரை கோலே இல்லை, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் 3-0. பிரிவில் இவர்கள் முதலிடம், எட்டு உலகக் கோப்பை ஆடிய கேமரூன் இரண்டாமிடம். இதையா அதிர்ஷ்டம் என்கிறாய்?

உன் ஊர்க்காரர் ஒருவரும் கேப் வெர்டே அணியில் இருக்கிறார், தெரியுமா? பிக்கோ லோபஸ். டப்ளினில் பிறந்தவர், அம்மா ஐரிஷ், அப்பா கேப் வெர்டேக்காரர். முன்பு வங்கியில் வீட்டுக்கடன் வேலை பார்த்தாராம். அப்போதைய பயிற்சியாளர் ருய் அகுவாஸ் அவரை லிங்க்ட்இனில் தேடிப் பிடித்து போர்த்துகீசிய மொழியில் எழுதியிருக்கிறார். இவர் ஏதோ குப்பைச் செய்தி என்று விட்டுவிட்டார். மாதக்கணக்கில் பொறுத்து, மறுபடி ஆங்கிலத்தில் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. 2019-லிருந்து தடுப்பாட்டத்தில் நிற்கிறார். ஆள் எண்ணிக்கை குறைவான நாடு, கடல் தாண்டிப் போன பிள்ளைகளை இப்படி ஒவ்வொருவராகத் தேடிக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை முதல் கோல் போட்ட லிவ்ரமென்டோகூட நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்த பையன்தான். மூன்றாவதைப் போட்டவர் பிரையாவிலேயே பிறந்த ஸ்டோபிரா, வயது 37!

லோபஸ் ஆடும் ஷாம்ராக் ரோவர்ஸ் கிளப்பின் மைதானம் உன் ஊர்ப் பக்கம் டாலாவில். டிராமிலேயே போய்விடலாமாம். சீசன் முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு எழுது. ஒற்றை வார்த்தையில் வேண்டாம். குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ. அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா
15 அக்டோபர் 2025